உள்ளங்கைப் போர்க்களம் – 8: பாட்டரிக்கட்டை வகுத்த அளவு

சென்ற வாரம் லண்டனிலிருந்து கலிஃபோர்னியா வரை போய் வந்தோம். ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்த நிக்கோலஸ் கோவ் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் கம்பெனி, 1952இல் ‘கோல்டன் ஹைண்ட்’ பாய்மரக் கப்பலைப் பிளாஸ்டிக் துண்டுகளாக்கி உல்வொர்த் கடைகளில் 2 ஷில்லிங்குக்கு விற்றது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ரெவெல் ‘மிசூரி’ போர்க்கப்பலைக் கொண்டுவந்தது. 1945 செப்டம்பரில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டது அந்த மிசூரியின் மேல்தளத்தில்தான்.

இந்த வாரம் ஜப்பானுக்கே போகிறோம்.

போகும் முன் ஒரு கேள்வி. மாடல் உலகில் பழைய அளவுகளுக்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கினால் 1:72. ஓர் அடி கால் அங்குலமானால் 1:48. விமான மாடல்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வரும். டாங்கி மாடல்களோ பெரும்பாலும் 1:35. அங்குலக் கணக்கிலும் அடங்காது, மீட்டர் கணக்கிலும் அடங்காது. இன்று சீனாவிலும் உக்ரைனிலும் இத்தாலியிலும் மோல்டு (அச்சு) வெட்டுகிறவர்கள் இந்த எண்ணைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இதை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள்?

●

டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் நடுவே, பசிபிக் கரையில் இருக்கிறது ஷிசுவோகா. தேயிலைக்குப் பேர்போன ஊர். மரவேலைக்கும்தான். செங்கென் கோயில் திருப்பணிக்காகப் பல ஊர்களிலிருந்தும் வந்த தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரர்களும் தட்பவெப்பம் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

1945 ஜூன் 19ஆம் தேதி இரவு அமெரிக்காவின் பி–29 விமானங்கள் அந்த ஊர்மேல் தீக்குண்டுகளைக் கொட்டின. மர வீடுகள் நிறைந்த ஊர். விடிவதற்குள் நகரின் பெரும்பகுதி சாம்பல்.

எரிந்த ஊரைத் திரும்பக் கட்ட மரம் வேண்டும். 1946இல் யோஷியோ தமியா என்பவர் ஷிசுவோகாவில் மரம் அறுக்கும் பட்டறையும் மரக்கடையும் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 41. பட்டறை என்றால் மரத்துண்டு மிஞ்சத்தானே செய்யும்? ஓரிரு ஆண்டுகளில் அவர் மரத்தில் மாடல் செய்துகொள்ளும் பெட்டிகளை விற்க ஆரம்பித்தார்: கப்பல், பிறகு மற்றவை.

விமானம் மட்டும் சிக்கல். 1945 நவம்பரில் நேசநாட்டுப் படைத் தலைமையகம் ஓர் ஆணை போட்டது. ஜப்பானியர் விமானம் செய்யக்கூடாது, வைத்திருக்கக்கூடாது, விமானவியல் ஆராய்ச்சி செய்யக்கூடாது. இயங்கும் மாதிரிகளும் அந்தத் தடைக்குள் வந்தன. நாலைந்து ஆண்டுகளுக்கு முன்னால்தான், போர்க்காலத்தில், அதே நாட்டின் ஆரம்பப் பள்ளிகளில் மாதிரி விமானம் செய்வதைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். 1952இல் ஆக்கிரமிப்பு முடிந்த பிறகுதான் ஜப்பானின் வானம் திரும்பக் கிடைத்தது.

1953இல் யோஷியோ மர வியாபாரத்தை விட்டார். இனி மாடல் மட்டும்தான்.

அன்றைய மர மாடல் பெட்டி எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் அடுத்து நடந்தது விளங்கும். உள்ளே ஓரளவு வடிவம் கொடுத்த மரக்கட்டை, சில குச்சிகள், ஒரு வரைபடம். மீதியெல்லாம் பையனின் கையில். கத்தியால் செதுக்க வேண்டும், உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், மரத்துளைகளை அடைத்துத் திரும்பவும் தேய்க்க வேண்டும். கைத்திறமை உள்ள பையனுக்குக் கப்பல் கிடைக்கும். இல்லாதவனுக்குக் கப்பல் மாதிரி ஏதோ ஒன்று கிடைக்கும்.

●

ரெவெல், மோனோகிராம் ஆகிய அமெரிக்கக் கம்பெனிகளின் பிளாஸ்டிக் பெட்டிகள் ஜப்பானியக் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பையன்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஒவ்வொரு ஆணித்தலையும் பிளாஸ்டிக்கில் தெரிந்தது. செதுக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம். சட்டத்திலிருந்து துண்டை வெட்டி எடுத்துப் பசையில் ஒட்டினால் போதும்.

1958இன் கடைசியில் டோக்கியோவின் மருசான் கம்பெனி ‘நாட்டிலஸ்’ அணுசக்தி நீர்மூழ்கியைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. ரெவெல் மாடலைப் பார்த்துச் செய்த நகல்தான். ஆனாலும் ஜப்பானின் முதல் பிளாஸ்டிக் மாடல் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அதே 1958இல் யோஷியோவின் மகன் ஷுன்சாகு, வசேடா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துமுடித்து அப்பாவின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த நேரம் மரத்துக்குக் கெட்ட நேரம். ஆர்டர்கள் சரிந்துகொண்டே வந்தன. மரம்தான் தங்கள் பிழைப்பு என்று நம்பியிருந்த ஊரில் ஒவ்வொரு பட்டறையிலும் இதே பேச்சு.

1959இல் தமியா கம்பெனி முடிவெடுத்தது: பிளாஸ்டிக்குக்கு மாறுவோம்.

●

முதல் மாடலாக எதைச் செய்வது?

இந்தக் கேள்விக்கு அன்றைய ஜப்பானில் எவரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். யமாட்டோ. குரே துறைமுகத்தில் ரகசியமாகக் கட்டப்பட்ட 263 மீட்டர் நீளக் கப்பல். 46 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஒன்பது. அதைவிடப் பெரிய பீரங்கியை எந்தப் போர்க்கப்பலும் சுமந்ததில்லை. 1945 ஏப்ரல் 7ஆம் தேதி, ஒக்கினாவாவுக்குப் போகும் வழியில், அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தன. சுமார் 3,000 பேர் அதோடு போனார்கள்.

தமியா தேர்ந்தெடுத்த அளவு 1:800. பெட்டிக்குள் சுமார் 33 சென்டிமீட்டர் யமாட்டோ. விலை 500 யென்.

இங்கே கொஞ்சம் நின்று மோல்டைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் கம்பெனியைக் கவிழ்க்கப் பார்த்தது அதுதான்.

உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்தி உறையவைக்க, எஃகில் இரண்டு பாதிகளாக மோல்டு வெட்டுவார்கள். முதலில் மரத்தில் பெரிதாக ஒரு மாதிரி. அதன்மேல் ஓர் ஊசி ஊர்ந்து போக, அதோடு கம்பிக்கையால் இணைத்த வெட்டுக்கருவி அதே வடிவத்தைச் சிறிதாக்கி எஃகில் குடையும். பிறகு உளி, அரம், கண் வலிக்கும் கைவேலை. எஃகைக் குடையத்தான் முடியும், வைத்து ஒட்ட முடியாது. எஃகில் ஒரு கோடு கீறினால் பிளாஸ்டிக்கில் அது மேடாக வரும். பழைய விமான மாடல்களின் இறக்கையில் தகட்டு இணைப்புகள் பள்ளமாக இல்லாமல் தழும்பு மாதிரி மேடாக இருப்பதற்கு இதுதான் காரணம். மேட்டுக்கோடு வெட்டுவது சுலபம். பள்ளக்கோடு வேண்டுமானால், அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் உள்ள எஃகையெல்லாம் குடைந்து எடுக்க வேண்டும்.

இவ்வளவு செலவும் முதல் பெட்டி விற்கும் முன்பே செய்தாக வேண்டிய செலவு. அதன்பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே போகும் பிளாஸ்டிக்கின் விலை அற்பம். ஆகவே லாபமும் நஷ்டமும் மோல்டு வெட்டிய கடனை எத்தனை பெட்டிகள் சேர்ந்து அடைக்கின்றன என்பதில்தான் இருக்கிறது. தமியாவிடம் அன்று சொந்த மோல்டுப் பட்டறை கிடையாது. வெளியே கொடுத்துத்தான் வெட்டினார்கள்.

1960இல் தமியாவின் யமாட்டோ தயாரானது.

அப்போது கடைகளில் இன்னொரு யமாட்டோ நின்றுகொண்டிருந்தது. நிச்சிமோ கம்பெனியின் மாடல். விலை 350 யென்.

ஒரே கப்பல், இரண்டு பெட்டி. ஒரு பையன் எதை எடுப்பான்? தமியாவும் 350 யென்னுக்கு இறங்கியது. வேறு வழியில்லை. பெட்டிக்கு 150 யென், அதாவது திட்டமிட்ட விலையில் 30 சதவீதம், ஒரே அடியில் போயிற்று. மோல்டுக் கடன் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றது.

யமாட்டோவைத் தேர்ந்தெடுத்ததில் பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோர் மனதிலும் இருந்த கப்பல் அது. எல்லோர் மனதிலும் இருந்ததால்தான் போட்டிக் கம்பெனியும் அதையே எடுத்தது. கையில் முதலும் இல்லாத, மோல்டும் சொந்தமாக இல்லாத ஒரு சிறிய கம்பெனி, எல்லோரும் விரும்பும் பொருளோடு சந்தைக்குப் போனால் விலையில்தான் அடிபடும்.

தமியா திரும்பவும் மரத்துக்குப் போனது. மரத்தில் வியாபாரமே இல்லை.

●

அவர்களைக் கரைசேர்த்தது யாரோ கைகழுவிய பொருள். ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்காரரிடமிருந்து பயன்படாமல் கிடந்த மோல்டுகள் கிடைத்தன. சின்னஞ்சிறு பந்தயக் கார். அதைக் குழந்தைகள் தாங்களே பூட்டும் மலிவுப் பெட்டியாக மாற்றி ‘பேபி ரேசர்’ என்ற பெயரில் விட்டார்கள். நன்றாக ஓடியது.

சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தக் காரைப் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மோல்டுச் செலவு இல்லாமல் பிளாஸ்டிக்கில் காசு பார்த்த முதல் தடவை அது. யமாட்டோவின் கடன் சுமையைக் கொஞ்சம் இறக்கிவைத்தது. இன்னொரு மோல்டு வெட்டிப் பார்க்கலாம் என்ற துணிவையும் தந்தது.

இந்த முறையும் சறுக்கினால் பிளாஸ்டிக்குக்குக் கும்பிடு போட வேண்டியதுதான். அப்போது ஷுன்சாகுவுக்கு வயது 27கூட ஆகவில்லை.

●

அவர் தேர்ந்தெடுத்தது ஜெர்மனியின் பாந்தர் டாங்கி.

ஜப்பான் தன் சொந்தப் போரையே பேசத் தயங்கிய காலம். அதில் ஜெர்மன் டாங்கிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முதல் காரணம், அதன் உருவம். ரஷ்யாவின் டி–34ஐப் பார்த்து அதிர்ந்துபோன ஜெர்மானியர், அதன் சாய்வுத் தகடுகளை அப்படியே உள்வாங்கிச் செய்தது பாந்தர். 1943இல் கூர்ஸ்க் போரில் இறங்கியது. முன்பக்கத்தில் 80 மில்லிமீட்டர் கவசத்தகடு, மேலிருந்து கீழே ஒரே சரிவு. பக்கங்களிலும் சரிவு. எங்கு பார்த்தாலும் தட்டையான பலகைகள், நேர்க்கோட்டு விளிம்புகள்.

மோல்டு வெட்டுகிறவரின் கண்ணால் அந்தத் தகடுகளைப் பாருங்கள். கப்பலின் அடிவயிறு முழுக்க வளைவு. ஒரு வளைவு இன்னொரு வளைவோடு குழையும். அதை எஃகில் குடைவது நாள்கணக்கான வேலை. பாந்தரின் சரிவுப் பலகை நேர்க்கோட்டில் வெட்டக்கூடியது. மோல்டிலிருந்து பிளாஸ்டிக் சிக்காமல் கழன்றுவரப் பக்கங்கள் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது தொழில் விதி. பாந்தரில் அந்தச் சாய்வு ஏற்கெனவே இருந்தது. குண்டைத் திசைதிருப்ப வைத்த சரிவு, ஷிசுவோகாவில் மோல்டுச் செலவைக் குறைத்தது!

இரண்டாவது காரணம், டாங்கி ஓடும். யமாட்டோவை ஒட்டி முடித்தால் அலமாரியில் வைக்கலாம். டாங்கிக்குள் மோட்டார் வைத்தால் அது சங்கிலிப் பட்டையை உருட்டிக்கொண்டு புத்தகக் குவியலின் மேல் ஏறும். அதற்கு வேண்டிய பொருளும் ஜப்பானில் தயாராக இருந்தது. கெனிச்சி மபுச்சி என்பவர் 1947இல் உருவாக்கிய சின்ன காந்த மோட்டாரின் வாரிசுகள் அப்போது ஜப்பானிய பொம்மைகளுக்குள் சுழன்றுகொண்டிருந்தன.

மோட்டார் என்றால் பாட்டரி வேண்டும். தமியா எடுத்துக்கொண்டது நடுத்தர அளவுப் பாட்டரிக்கட்டை. பெரிய டார்ச்சுக்குப் போடுவதைவிடச் சிறியது, சுவர்க்கடிகாரத்துக்குப் போடுவதைவிடப் பருத்தது. இரண்டு கட்டைகள் உள்ளே படுக்க வேண்டும். பக்கத்தில் மோட்டாரும் பற்சக்கரங்களும் உட்கார வேண்டும். அவையெல்லாம் அடங்கும் வயிறு எவ்வளவோ, டாங்கி அவ்வளவு.

அடிமானத்தை அப்படித்தான் வைத்தார்கள். எந்த அளவுகோல் என்று யாரும் யோசிக்கவில்லை.

●

மிச்சமிருந்தது பெட்டி.

பெட்டிமேல் ஒரு படம் வேண்டும். கடையில் நிற்கும் பையனுக்கு உள்ளே இருக்கும் பழுப்புநிறத் துண்டுகள் தெரியாது. அட்டைதான் தெரியும். ஷுன்சாகு தேடிப் போனது ஷிகெரு கொமாட்சுசாகியை. 1915இல் டோக்கியோவில் பிறந்தவர். ஜப்பானிய மரபு ஓவியம் பயின்றுவிட்டுப் பத்திரிகைப் படங்களுக்கு வந்தவர். சிறுவர் பத்திரிகைகளைத் திறந்தால் அவர் வரைந்த விண்கலங்களும் நீர்மூழ்கிகளும் போர்க்களங்களும்தான். அந்தத் தலைமுறைப் பையன்களின் கனவுக்கு வண்ணம் தந்தவர் என்றால் மிகையில்லை. அப்படிப்பட்ட ஒருவர், ஒரு தோல்வியோடு நிற்கும் ஷிசுவோகாக் கம்பெனிக்கு வரைவாரா?

ஒப்புக்கொண்டார்.

அவருடைய டாங்கிகள் சும்மா நிற்பதில்லை. நம்மை நோக்கித் திரும்பும், மண் பறக்கும், பின்னால் வானம் எரியும். பெட்டிக்குள் பிளாஸ்டிக், வெளியே புயல். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பையன் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ள வேண்டும். மாடல் செய்யும் பழக்கத்தின் பாதி சுகம் அந்தத் தூரத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பின்னாளில் 1995இல் அவருடைய வீடு தீப்பிடித்து ஏராளமான மூல ஓவியங்கள் எரிந்துபோயின. எத்தனையோ வீடுகளில் கிழிந்த அட்டைப் பெட்டிகளாக மட்டும் அவை மிஞ்சியிருக்கும்.

1961 முடிந்து 1962 பிறக்கும் தறுவாயில் பாந்தர் கடைக்கு வந்தது.

ஒரு பையன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கிறான். செய்முறைத் தாள் தெளிவாக இருக்கிறது: எந்தத் துண்டு முதலில், எது எதோடு சேரும் என்று படத்தோடு. சக்கரங்களை அச்சில் மாட்டுகிறான். பாந்தரின் சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி அடுக்கடுக்காக நிற்பவை. வரிசை மாறினால் கடைசிச் சக்கரம் நுழையாது. கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். சங்கிலிப் பட்டையை இழுத்துப் பூட்டுகிறான். பாட்டரிக்கட்டைகளைத் தள்ளி மூடியைச் சாத்தி, சுவிட்சைத் தட்டுகிறான். பாய்மேல் டாங்கி நகர்கிறது. அவன் கையால் பூட்டியது, அவன் தள்ளாமல் தானே நகர்கிறது.

செய்தி பள்ளிக்கூடத்தில் பரவ ஒரு நாள் போதாதா?

பாந்தர் விற்றது. நின்று, நிலைத்து விற்றது. 1962இல் அமெரிக்காவின் ‘காம்பாட்’ என்ற போர்த் தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. திரையில் ஜெர்மானியப் படையைப் பார்த்த பையன்கள் கடையில் டாங்கிப் பெட்டிகளைத் தேடினார்கள்.

●

ஒன்று ஓடினால் அடுத்தது வேண்டும். பாந்தருக்குப் பக்கத்தில் வேறு நாட்டு டாங்கிகளையும் நிறுத்த வேண்டும். பக்கத்தில் நிற்கவேண்டுமானால் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

என்ன அளவு?

ஷுன்சாகு பாந்தர் மாடலை எடுத்து அளந்து பார்த்தார். நிஜப் பாந்தரின் உடற்பகுதி சுமார் 6.9 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் அகலம். மாடலோடு வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இரண்டு பாட்டரிக்கட்டை படுக்க வேண்டும் என்று வைத்த வயிற்றிலிருந்து பிறந்த எண்! அதையே வைத்துக்கொண்டார்கள். அடுத்த டாங்கியும் 1:35, அதற்கடுத்ததும் 1:35. சில ஆண்டுகளில் டாங்கிக்குப் பக்கத்தில் நிற்கும் சிப்பாய்களும் அதே அளவில் வந்தார்கள். மோட்டார் போன பிறகும், பாட்டரி போன பிறகும், எண் மட்டும் நின்றுவிட்டது. மற்ற கம்பெனிகளும் தங்கள் டாங்கிகள் தமியாவின் டாங்கிகளோடு ஒரே அலமாரியில் நிற்கவேண்டும் என்று அதே அளவுக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் இந்த வெற்றிக்குள் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது.

பாட்டரிக்காக வகுத்த வயிற்றில் நிஜ டாங்கியின் அளவுகள் ஒழுங்காக அமராது. ஓர் இடம் பருக்கும், ஓர் இடம் குறுகும். அதைவிடப் பெரிய சிக்கல், நிஜ அளவு என்ன என்பதே கைவசம் இல்லை. புத்தகத்தில் வந்த புகைப்படங்களும் கோட்டு வரைபடங்களும்தான் ஆதாரம். முன்னாலிருந்து எடுத்த படத்தில் பின்பக்கம் தெரியாது. எஞ்சின் மூடியில் எத்தனை ஆணி, காற்றுத் துளைக்குள் என்ன இருக்கிறது, சக்கரத்தின் உள்வளையம் எப்படி முடிகிறது, இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

ஜப்பானில் பார்க்க வழியே இல்லை. போர்க்காலத்தில் ஜப்பான் ஜெர்மனியிடமிருந்து ஒரு டைகர் டாங்கியைக் காசு கொடுத்து வாங்கியது. கடல்வழி அடைபட்டதால் அது ஐரோப்பாவை விட்டே கிளம்பவில்லை.

பாந்தரும் மற்ற ஜெர்மன் டாங்கிகளும் மழையிலும் வெயிலிலும் துருவேறி வரிசையாக நின்ற இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், அபர்டீன் ராணுவச் சோதனைக் களம். போரில் பிடிபட்ட எதிரி ஆயுதங்களையெல்லாம் கொண்டுவந்து பிரித்துப் பார்த்த இடம்.

ஷிசுவோகாவை எரித்த நாட்டின் ராணுவ முகாம் அது. கேமராவும் அளவு நாடாவுமாக, டாங்கியின் அடிவயிற்றைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஒரு ஜப்பானியர் அதன் வாசலில் போய் நின்றால், காவலாளி என்ன சொல்வார்?

(தொடரும்)